22 நாள், 104 பக்கம்: ஒப்புக்கொள்ளும் முன் ஒரு கணக்கு

வாசகர் கேள்வி:

6 ஆண்டுகளாகக் கேமரா உதவியாளராக இருக்கிறேன். கடைசி 3 ஆண்டுகள் ஃபோகஸ் புல்லர் (லென்ஸின் கூர்மையைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்). சில குறும்படங்களுக்கு ஒளிப்பதிவு செய்திருக்கிறேன். இப்போது ஒரு இயக்குநர் தன் முதல் முழுநீளப் படத்துக்கு என்னை ஒளிப்பதிவாளராகக் கூப்பிடுகிறார். சுயாதீனப் படம். திரைக்கதை 104 பக்கம், படப்பிடிப்பு 22 நாள். சம்பளத்தில் பாதியைப் படம் விற்ற பிறகு தருவார்களாம். என்னிடம் சொந்தக் கேமரா இருப்பதும் கூப்பிட்டதற்கு ஒரு காரணம் என்று தோன்றுகிறது. யூனிட்டில் நான் ஒருத்திதான் பெண்ணாக இருப்பேன் போலிருக்கிறது. நான் எடுத்த ஷாட்டுகளின் தொகுப்பான ஷோரீலைப் பார்ப்பவர்கள் "ரொம்ப மென்மையா இருக்கு" என்கிறார்கள். பாராட்டா இல்லையா என்று புரியவில்லை. இந்தப் படத்தை ஒப்புக்கொள்ளலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

நீங்கள் எழுதியதில் இரண்டு எண்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்: 104, 22. முதலில் அவற்றை வகுத்துப் பார்த்துவிடுவோம்.

நாளொன்றுக்கு 4.7 பக்கம் வருகிறது. 12 மணி நேர நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு 1 மணி நேரம். காலையில் பெட்டிகளை இறக்கி முதல் ஷாட்டுக்கு வர ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் எல்லாவற்றையும் கட்டி ஏற்ற முக்கால் மணி நேரம். மிஞ்சுவது 9 மணி நேரம், அதாவது 540 நிமிடம். பக்கத்துக்கு 5 ஷாட் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 24 ஷாட். ஒரு ஷாட்டுக்கு 22 நிமிடம் சொச்சம். ஒத்திகை, 3 டேக், நடுவில் மேக்கப் டச்-அப், இயக்குநர் நடிகரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது எல்லாம் சேர்ந்து 10 நிமிடத்தைத் தின்றுவிடும். கேமராவை நகர்த்தி லைட்டை மாற்ற உங்களுக்கு 12 நிமிடம். அன்றைக்கு ஒரு லொகேஷன் மாற்றம் இருந்தால் 2 மணி நேரம் போச்சு. அப்போது ஷாட்டுக்குப் பதினேழரை நிமிடம், லைட்டுக்கு 7.

7 நிமிடத்தில் லைட் செய்ய முடியாது என்பதில்லை. எந்தக் காட்சியை 7 நிமிடத்தில் முடித்து, எதற்கு 2 மணி நேரம் ஒதுக்குவது என்பது படப்பிடிப்புக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கே திரைக்கதையை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: இருக்கிற வெளிச்சத்தில் எடுத்துவிடலாம், ஒரு லைட் போதும், நிதானமாகச் செய்தே ஆக வேண்டும். மூன்றாவது வகையில் ஆறு, ஏழு காட்சிக்கு மேல் வந்தால் 22 நாள் போதாது. லொகேஷன் மாற்றங்களையும் எண்ணுங்கள். எட்டைத் தாண்டினால், இரண்டு லொகேஷனை ஒரே இடத்தில் எடுக்க வழியிருக்கிறதா, இல்லையென்றால் 3 நாள் கூடுதலாகக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கோடு போய் இயக்குநரின் எதிரில் உட்காருங்கள். அவர் பேனாவை எடுத்து, "இந்தக் காட்சியை ஒரே ஷாட்டா எடுத்துக்கலாம், அந்த பஸ் ஸ்டாப் சீன் வேண்டாம்" என்று வெட்ட ஆரம்பித்தால் நல்ல சகுனம். "அதெல்லாம் ஸ்பாட்ல பாத்துக்கலாம்" என்றால், கதை எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். ஸ்பாட்டில் அவர் பார்த்துக்கொள்ளப்போவது உங்கள் லைட்டிங் நேரத்தைத்தான்.

இதில் பெண் என்பதால் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஷெட்யூல் பிந்துவதற்குக் கலை இயக்கம், நடிகர், மழை என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் எல்லாருடைய கண்ணுக்கும் படுவது "லைட் இன்னும் ரெடியாகல" என்பதுதான். முதல் படம் செய்கிற பெண்ணின் பெயரோடு "அவங்க கொஞ்சம் ஸ்லோ" என்ற சொல் ஒட்டிக்கொண்டால் அடுத்த இரண்டு படங்கள் வரை அது கூடவே வரும். இதற்கு மருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று நேரத்தை இரண்டாம் கேமரா உதவியாளர் குறித்துவரட்டும்: செட் உங்கள் கைக்கு வந்த நேரம், நீங்கள் ரெடி சொன்ன நேரம், முதல் டேக் ஓடிய நேரம். முதல் வார முடிவில் அதைத் தயாரிப்பு நிர்வாகியிடம் சாதாரணமாகக் காட்டினால் போதும். சண்டை போட வேண்டியதில்லை.

அடுத்தது பணம். 22 நாள் வேலை என்று சொல்கிறார்களே தவிர, உங்களுக்கு 40 நாள் வேலை. படப்பிடிப்பு 22, லொகேஷன் பார்ப்பதும் ஷாட் பிரிப்பதுமாக 10, கேமரா செக்கப்பும் சோதனைப் படப்பிடிப்பும் 2, கலர் கிரேடிங் (படத்தின் வண்ணத்தைச் சரிசெய்வது) 5, சாமான்களைத் திருப்பிக் கொடுக்க 1. பேசிய சம்பளத்தை 100 பங்கு என்று வைத்தால் அவர்கள் கணக்கில் நாளுக்கு நாலரைப் பங்கு. பாதி "விற்ற பிறகு" என்பதால் கையில் வருவது 50. அதை 40 நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு ஒன்றேகால் பங்கு. இந்த ஒன்றேகாலுக்கு உங்கள் வீட்டுச் செலவு தாங்குமா என்பதுதான் கேள்வி. விற்ற பிறகு வரும் என்கிற தொகையைச் சுழியம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். படம் விற்கலாம், விற்காமலும் போகலாம். விற்றாலும் விநியோகச் செலவு, கடன், வட்டி எல்லாம் கழிந்த பிறகுதான் உங்கள் முறை வரும். மீதிப் பாதியையாவது வாராவாரம் தரச் சொல்லுங்கள். முதல் வாரத் தொகை படப்பிடிப்பு தொடங்கும் முன் வர வேண்டும். படப்பிடிப்பு தள்ளிப்போனால் அந்தத் தேதிகளுக்காக நீங்கள் விட்ட வேலைக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

கேமரா விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. அதைச் சோதிக்க ஒரு எளிய வழி: "இந்தப் படத்துக்கு என் கேமரா சரிவருமான்னு டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன், வேற கேமராவும் தேவைப்படலாம்" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் முகம் மாறினால் விஷயம் விளங்கிவிடும். கேமரா உங்களுடையதாக இருந்தாலும் அதன் வாடகை உங்கள் சம்பளத்தில் கலக்கக்கூடாது. ஒப்பந்தத்தில் இரண்டும் தனித்தனி வரி. கேமராவுக்கும் லென்ஸுக்கும் முழு மாற்று மதிப்பில் காப்பீடு தயாரிப்புத் தரப்பின் செலவு. வாடகை தர வழியில்லை என்றால் அந்தத் தொகையைக் கடனாகவாவது எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒளிப்பதிவாளரோடு கேமரா இலவசம் என்ற பெயர் ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த படத்துக்கும் அதே விலைதான் பேசுவார்கள்.

சின்னக் கேமரா என்று கூச்சப்பட வேண்டாம். ஒளிப்பதிவாளர் எலன் குராஸ், சுயாதீனப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவின் ஒளிப்பதிவு விருதை 1992, 1995, 2002 என்று 3 முறை வாங்கியவர். மூன்றாவது விருதுக்கான படம் சாதாரண டிஜிட்டல் வீடியோவில் எடுத்தது. ரேச்சல் மாரிசன் 2018இல் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் பெண் ஆனபோது நடந்தது 90ஆவது விழா. அவ்வளவு தாமதத்துக்குக் காரணம் யாரிடமும் நல்ல கேமரா இல்லாதது அல்ல.

படப்பிடிப்புக்கு முன் தயாராகும் நாட்களை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 10 நாள் கேளுங்கள், 7க்கு இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். லொகேஷனுக்குப் போகும்போது, காட்சி நடக்கும் அதே நேரத்தில் போங்கள். காலை 8 மணிக் காட்சிக்கு மத்தியானம் 2 மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் வெயில் எந்தச் சுவரில் விழும் என்று தெரியாது. திசைகாட்டி வைத்து ஜன்னல் பார்க்கும் திசையைக் குறியுங்கள். எந்த பிளக் எந்த சர்க்யூட் பிரேக்கரில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து வரைபடம் போடுங்கள். 600 வாட் எல்இடி ஏறக்குறைய 720 வாட் இழுக்கும், 1200 வாட் லைட் 1440 வாட் வரை போகும். 230 வோல்ட்டில் அது 6.3 ஆம்பியர், பெரிதாகத் தொந்தரவு இல்லை. 120 வோல்ட்டில் 12 ஆம்பியர். 15 ஆம்பியர் சர்க்யூட்டைத் தொடர்ந்து பயன்படுத்தும்போது 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதால், அந்த ஒரு லைட்டோடு அது நிறைந்துவிட்டது. பக்கத்து அறையில் உடையலங்காரத்தில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் டேக்கின் நடுவில் இருட்டு. இஸ்திரிப் பெட்டிக்கும் ஹேர் டிரையருக்கும் தனி சர்க்யூட் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

வீட்டு விளக்குகள் படத்தில் தெரியப்போகிறதென்றால் ஒவ்வொரு பல்பையும் 10 விநாடி எடுத்துப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 24 ஃபிரேம் ஓட்டினால் ஷட்டர் 172.8 டிகிரி, 60 ஹெர்ட்ஸில் 144 டிகிரி. முதலாவதில் ஒரு ஃபிரேமில் வெளிச்சம் விழுவது 1/50 விநாடி, இரண்டாவதில் 1/60. மின்சாரத்தின் துடிப்போடு அது ஒத்துப்போவதால் மினுக்கம் தெரியாது. ஆனால் டிம்மரில் இறக்கிய மலிவு எல்இடி பல்புக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, அது தன் இஷ்டத்துக்குத்தான் மினுக்கும். அதை மாற்றுவது ஒன்றே வழி.

சோதனைப் படப்பிடிப்பில் லென்ஸ் சார்ட்டை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். முக்கிய நடிகர்களை, அவர்கள் போடப்போகிற உடையில், அவர்களுடைய உண்மையான மேக்கப்போடு, சுவரின் நிறத்துக்கு முன்னால் நிறுத்தி எடுங்கள். இரண்டு நடிகர்களுக்கும் தோல் நிறம் வேறாக இருந்தால் இங்கேயே அது தெரிந்துவிடும். கறுத்த தோலுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பின்னாலிருக்கும் சுவர்தான் வெளுக்கும். பெரிய, மிருதுவான வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்து, தோலின் மேல் அதன் பளபளப்பு விழும்படி கோணத்தை மாற்றுவதுதான் வேலை செய்யும். மேக்கப்பில் பவுடரைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சோதனை நாளில் சொன்னால் கேட்பார்கள், படப்பிடிப்பு நாளில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். இந்தச் சோதனைக் காட்சியிலேயே படத்தின் வண்ணத்துக்கு ஒரு லட் (LUT, காட்சிக்கு நிறம் ஏற்றும் கோப்பு) செய்து இயக்குநரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். தளத்தில் மானிட்டரிலும், எடிட்டிங்கிலும் அதே லட்தான் ஓட வேண்டும். ஐந்து மாதம் வேறொரு நிறத்தில் எடிட் செய்து பழகிய கண், கிரேடிங்கில் நீங்கள் எண்ணியதை ஏற்காது.

ஒரு அறையை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். நாளுக்கு 24 ஷாட் என்பது எங்கே சாத்தியமாகிறது என்று அதில் தெரியும். 4 மீட்டருக்கு மூன்றரை மீட்டர் அறை, ஒரே ஜன்னல், மேசையின் இருபுறமும் இரண்டு பேர், 3 பக்கம் வசனம். மேலே தொங்கும் விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னலுக்கு வெளியே 600 வாட் லைட்டை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஜன்னலிலிருந்து 1 மீட்டரில் வைத்தால், ஜன்னலுக்கு 1 மீட்டர் உள்ளே இருக்கும் நடிகர் லைட்டிலிருந்து 2 மீட்டரில் இருக்கிறார். எழுந்து இன்னும் 1 மீட்டர் உள்ளே போனால் 3 மீட்டர். வெளிச்சம் ஒன்றேகால் ஸ்டாப்புக்குக் கிட்டத்தட்ட விழுந்துவிடும் (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதி). அதே லைட்டை ஜன்னலிலிருந்து 4 மீட்டருக்குப் பின்னால் தள்ளினால் அவர் 5லிருந்து 6 மீட்டருக்குப் போகிறார். விழுவது அரை ஸ்டாப்தான். நடிகர் அறை முழுக்க நடமாடலாம், நீங்கள் ஒன்றையும் தொட வேண்டாம். ஆனால் ஜன்னலில் கனமான டிஃப்யூஷனை (வெளிச்சத்தைச் சிதறடிக்கும் தாள்) ஒட்டினால் ஜன்னலே விளக்காகிவிடும், கணக்கு அங்கிருந்து தொடங்கும், லைட்டைப் பின்னால் தள்ளிய பயன் போய்விடும். மெல்லிய திரைச்சீலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேர் வெயில் அந்த ஜன்னலில் விழுமானால் வெளியே ஒரு பெரிய கறுப்புத் துணியைக் கட்டி மறையுங்கள். மேகம் போய்வரும் வெயிலோடு 600 வாட் போட்டி போட முடியாது.

உள்ளே, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இரண்டரை மீட்டர் கறுப்புத் துணி. அது வெளிச்சம் தராது; வெள்ளைச் சுவரிலிருந்து திரும்பி வருகிற வெளிச்சத்தை விழுங்கும். முகத்தின் நிழல் பக்கம் இரண்டரை ஸ்டாப் கீழே இறங்கும். கேமராவை நிழல் பக்கத்திலேயே வையுங்கள். ஜன்னலை நோக்கிய ஷாட்டுகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரே ஒருமுறை மறுபக்கம் திரும்புங்கள். வசன வரிசையில் எடுக்கலாமே என்று நடிகர் கேட்பார். ஒவ்வொரு முறை திரும்புவதற்கும் அரை மணி நேரம் என்று இயக்குநருக்கு முன்பே தெரிந்திருந்தால் அவரே பதில் சொல்லிவிடுவார்.

லென்ஸின் திறப்பான அபர்ச்சரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். முழு ஃபிரேமில் 50 மி.மீ. லென்ஸ், 2 மீட்டரில் நடிகர், டி1.4: கூர்மை கிட்டத்தட்ட 13 செ.மீ. ஆழத்துக்குத்தான். பேசிக்கொண்டே முன்னால் சாய்ந்தால் கண் போய்விடும். டி2.8இல் அது 27 செ.மீ. முதல் படத்தில் எல்லாவற்றையும் முழுக்கத் திறந்து எடுக்கும் ஆசை வரும். உங்கள் ஃபோகஸ் புல்லருக்கு 12 நிமிடத்தில் அடையாளம் வைக்கக்கூட நேரம் இருக்காது என்பதை அந்த இடத்தில் இருந்தவரான நீங்கள் மறக்கக்கூடாது. இன்னொரு பழக்கமும் ஆபத்து. உதவியாளராக இருந்து வந்தவர்கள் வியூஃபைண்டரில் ஃபோகஸையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடிகரின் கை எங்கே போனது, பின்னால் கதவு ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டால் தெரியாது. பெட்டியைத் திறந்து லென்ஸை எடுத்துக் கொடுப்பது, கேபிளைச் சுற்றுவது, இரண்டையும் முதல் நாளிலிருந்தே நிறுத்துங்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அதைப் பார்க்கிறவர்கள் உங்களை உதவியாளராகவே வைத்துக்கொள்வார்கள்.

யூனிட்டில் ஒருத்திதான் பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். கேமராத் துறைக்கு ஆள் எடுப்பது உங்கள் உரிமை. ஃபோகஸ் புல்லர், இரண்டாம் உதவியாளர், டேட்டா பார்ப்பவர் என்று 3 இடம் இருக்கிறது. வேலை தெரிந்த பெண்கள் உங்களுக்கே தெரிந்திருப்பார்கள். அதைவிட முக்கியம் கேஃபர், அதாவது லைட் குழுவின் தலைவர். கேமராவை விட்டுக்கொடுக்கலாம், லென்ஸை விட்டுக்கொடுக்கலாம், கேஃபரை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள். தளத்தில் ஒரு வினோதம் நடக்கும்: இயக்குநரோ கலை இயக்குநரோ லைட் சம்பந்தமான கேள்வியை உங்களைத் தாண்டி உங்களுக்குப் பின்னால் நிற்கும் கேஃபரிடம் கேட்பார்கள், பெரும்பாலும் யோசிக்காமலே. அதற்கு நீங்கள் ஒவ்வொரு தடவையும் குறுக்கே போய்ப் பதில் சொன்னால் சிடுசிடுப்பாகத் தெரியும். படப்பிடிப்புக்கு முன்பே கேஃபரிடம் சொல்லிவையுங்கள். "மேடம்கிட்ட கேளுங்க" என்று அவர் இரண்டு நாள் சொன்னால் மூன்றாம் நாள் கேள்வி நேராக உங்களிடம் வரும். உங்கள் பக்கத்திலிருந்து செய்ய வேண்டியது, எண்ணில் பேசுவது. "கொஞ்சம் குறைங்க, இன்னும் கொஞ்சம், ஐயோ ரொம்பக் குறைஞ்சிடுச்சு" என்பது விவாதத்துக்கு வழி. "அரை ஸ்டாப் குறைங்க" என்பது வேலை.

கேமராவை நீங்களே இயக்குவீர்கள் என்றே நினைக்கிறேன். மேட் பாக்ஸ், பேட்டரி, மானிட்டர், வயர்லெஸ் எல்லாம் ஏறிய பிறகு எடை 10 கிலோவைத் தாண்டும். "தூக்க முடியுமா" என்று யாராவது கேட்பார்கள். எடையைத் தூக்குவது முதுகல்ல, சமநிலை. பேட்டரியைப் பின்னால் தள்ளி, எடையின் மையம் தோளுக்கு நேர் மேலே வரும்படி கட்டினால் கைகள் திசையைத் திருப்ப மட்டும் போதும். முன்பக்கம் கனத்தால் 6 கிலோவும் 10 நிமிடத்தில் மணிக்கட்டைப் பிடுங்கும். ஈஸிரிக் (கேமராவை மேலிருந்து கயிற்றில் தாங்கும் வெஸ்ட்) எடுத்தால் வெஸ்ட்டின் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். வாடகைக் கடையில் பெரும்பாலும் இருப்பது பெரிய அளவு. அது வயிற்றில் தொங்கி எடையை மறுபடி தோளுக்கே தரும். சின்ன அளவை முன்கூட்டியே கேட்டு வைத்து, உங்கள் கேமராவின் எடைக்கு ஏற்ற கயிற்று விசையா என்று செக்கப் நாளில் மாட்டிப் பாருங்கள்.

டேட்டா. இதில்தான் சின்னப் படங்கள் மிச்சம் பிடிக்கப் பார்க்கும். 4கே யூஎச்டி, 24 ஃபிரேம், ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்ற பதிவு வடிவம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 ஜிபி. நாளுக்கு 2 மணி நேரம் எடுத்தால் ஏறக்குறைய 640 ஜிபி. 22 நாளுக்கு 14 டிபி. 3 பிரதிக்கு 42 டிபி. சுழலும் வன்தட்டு விநாடிக்கு 160 எம்பி எழுதுகிறது என்று வைத்தால் ஒரு நாள் காட்சியைப் பிரதியெடுக்கவே 67 நிமிடம், செக்சம் (பிரதி மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று காட்டும் எண்) வைத்துச் சரிபார்க்க இன்னும் அவ்வளவு நேரம். இரண்டாம் உதவியாளரே கிளாப்பும் அடித்து இதையும் பார்ப்பார் என்று திட்டமிட்டால், என்றாவது ஒரு நாள் பிரதி எடுக்காத கார்டை அழித்துவிடுவார். தப்பு அவருடையதாக இருக்காது. இரண்டு தனித்தனி வன்தட்டில் சரிபார்த்த பிரதி இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் எந்தக் கார்டும் கேமராவுக்குத் திரும்பக்கூடாது. மூன்றாவது பிரதி வேறு கட்டடத்தில் தூங்க வேண்டும்.

இனி, தயங்காமல் கேட்க வேண்டியவை. தங்குமிடத்தில் உள்ளிருந்து தாழிடும் தனி அறை. இரவுப் படப்பிடிப்பு முடிந்ததும் யார் வண்டியில் கொண்டுவிடுவார்கள் என்ற பெயர். ஒவ்வொரு லொகேஷனிலும் கழிப்பறை; லொகேஷன் பார்க்கும் ரெக்கியின்போது பிளக் பாயின்டைப் பார்ப்பது போல அதையும் பட்டியலில் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் கேமரா தூக்குவீர்கள். அன்றைய படப்பிடிப்பு முடிந்த நேரத்திலிருந்து அடுத்த நாள் வரவேண்டிய நேரத்துக்கு 10 மணி நேரமாவது இடைவெளி. நெருக்கமான காட்சிகள் இருந்தால் உள்ளே யார் இருப்பார்கள், எந்த மானிட்டர் ஓடும் என்ற பட்டியல் முன்கூட்டியே. பெண் ஒளிப்பதிவாளர் இருப்பதால் நடிகைக்கு நிம்மதி என்று சொல்லி அந்தப் பட்டியலைத் தவிர்க்கப் பார்ப்பார்கள், சம்மதிக்காதீர்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை "வேண்டாம்" என்ற சொல் ஒளிப்பதிவாளரிடம் இருக்கிறது. 2014 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ரயில்பாலத்தில் அனுமதியின்றி நடந்த படப்பிடிப்பில் ரயில் மோதி இறந்தவர் சாரா ஜோன்ஸ், கேமரா உதவியாளர். 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்ஸிகோவில், ஒத்திகையின்போது துப்பாக்கியிலிருந்து வெளிப்பட்ட உண்மையான குண்டு பட்டு இறந்தவர் ஹலினா ஹட்சின்ஸ், அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர். குறைந்த பட்ஜெட் படம். அன்று காலைதான் கேமராக் குழுவினர் பலர் வேலைச் சூழல் சரியில்லை என்று விலகிப் போயிருந்தார்கள். ஓடும் வண்டி, உயரம், தண்ணீர், ரயில்பாதை, ஆயுதம், நெருப்பு: திரைக்கதையில் இவற்றில் எது வந்தாலும் அதற்குப் பொறுப்பான ஆள் யார், அனுமதி எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். லென்ஸுக்கு நேராகத் துப்பாக்கி நீட்டும் ஷாட் என்றால் சுட முடியாத போலித் துப்பாக்கி, கேமரா பூட்டிய நிலையில், பின்னால் ஆள் இல்லாமல். குண்டு வெடிக்கும் ஒளியைப் பிறகு கணினியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஷோரீலுக்கு வருவோம். "மென்மையா இருக்கு" என்பது பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. உங்கள் ரீலில் என்ன இல்லை என்பதற்கான தகவல். ஜன்னல் வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் முகங்களாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். இதற்கு வெறும் ரசனை மட்டும் காரணமில்லை. பெண்களுக்கு வரும் குறும்படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. அடுத்து வருவதும் அதே மாதிரியாகத்தான் வரும். இயக்குநர்கள் ரீலில் தேடுவது அவர்கள் எடுக்கப்போவதையே. இரவு வெளிப்புறம், உச்சி வெயிலில் வசனம், கூட்டம், கையில் கேமராவோடு ஓடும் ஷாட், இரண்டு பேர் மாறிமாறிப் பேசும் சாதாரணக் காட்சி: இவற்றில் எது இல்லையோ அதுதான் அடுத்த குறும்படத்தில் வேண்டும். ரீல் 2 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதோடு வெட்டாத முழுக் காட்சிகள் இரண்டு மூன்றைத் தனி இணைப்பாக வையுங்கள். இசைக்கு வெட்டிய அழகான ஷாட்டுகளை நம்பாதவர்கள் அதைத்தான் திறப்பார்கள். உதவியாளராக இருந்த படத்தின் ஷாட்டை ரீலில் போடாதீர்கள், அது எப்படியும் வெளியே வந்துவிடும்.

இந்தப் படத்தின் காட்சிகளும் அந்த ரீலுக்குத் தேவை. படம் முதல் திரையிடல் கண்ட நாளிலிருந்து, அல்லது படப்பிடிப்பு முடிந்து 12 மாதத்தில், எது முன்னால் வருகிறதோ அப்போது ரீலுக்குக் காட்சிகளைப் பயன்படுத்தலாம் என்ற வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திரையிடல் தேதி மட்டும் எழுதியிருந்தால், படம் பெட்டியிலேயே கிடக்கும்போது உங்கள் 40 நாள் உழைப்பும் அதோடு கிடக்கும். ஒளிப்பதிவு என்று உங்கள் பெயர் மட்டும் வரும் தனி டைட்டில் கார்டு, பிறகு வேறொருவர் பேட்ச்வொர்க் (விட்டுப்போன ஷாட்டுகள்) எடுத்தால் அவருக்குக் கூடுதல் ஒளிப்பதிவு என்ற பெயர், கிரேடிங்கில் நீங்கள் உட்காரும் 5 நாள் சம்பளத்தோடு. இந்த மூன்றும் அதே பக்கத்தில் வரட்டும். கிரேடிங் மானிட்டர் அளவிட்டுச் சரிசெய்ததா என்று கேளுங்கள். தியேட்டர் திரை 48 நிட் (பிரகாசத்தின் அளவு), டிவி வடிவத்துக்கான மானிட்டர் 100 நிட். இயக்குநர் கையிலிருக்கும் ஃபோன் இவை இரண்டையும் விடப் பல மடங்கு பிரகாசம். ஃபோனில் பார்த்துவிட்டு "இருட்டா இருக்கு" என்றோ "நல்லாயிருக்கு" என்றோ சொல்வதை வைத்து எதையும் மாற்றாதீர்கள். படத்தின் ஒரு பகுதியையாவது தியேட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஒப்புக்கொண்டால் ஃபோகஸ் புல்லர் அழைப்புகள் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள். ஒளிப்பதிவாளராகிவிட்டவரை உதவிக்குக் கூப்பிடத் தயங்குவார்கள். ஓராண்டுச் செலவுக்கு விளம்பரம், ஆவணப்படம், நிறுவனப் படம் என்று எதிலாவது கால் வைத்திருக்க வேண்டும். ஃபோகஸ் வேலைக்கே திரும்புவதிலும் தப்பில்லை, நீங்கள் படம் செய்ய விரும்பும் இயக்குநர்கள் இல்லாத தளங்களாகப் பார்த்துப் போங்கள்.

இப்போதைக்கு இயக்குநருக்கு ஒரே ஒரு மடல் போதும். காட்சிவாரியாகக் குறித்த தாள், லொகேஷன் மாற்றங்களின் எண்ணிக்கை, 40 நாள் கணக்கு, கேஃபரின் பெயர், சோதனைப் படப்பிடிப்புக்கு இரண்டு தேதிகள். ஒரு வாரத்தில் பதில் வந்து, தேதிகளில் ஒன்றுக்கு அவர் சரி என்றால், அன்றைக்கு நடிகர்களை உடையோடு வரச் சொல்லுங்கள்.